லைட்டரின் அடிப்பக்கம்

முருகவேலுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் உன் தாய்மாமன். கூரியரில் அனுப்பிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். "நாந்தான் பத்திரிகை வைக்க மெட்ராஸ் போறேனே, கூரியர்காரன் என்னாத்துக்கு? எழுதி வையி, காலைல வந்து வாங்கிக்கிறேன்" என்றார். உறையை ஒட்டப் போவதில்லை. அண்ணன் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தைத் தங்கை ஒட்டிக் கொடுத்தால் அவர் மனம் வருந்தும். ஆகவே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தால் பயன்தான். கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் குடும்பம், பொறுமை, விட்டுக்கொடுத்தல் எல்லாம் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அவற்றில் தேர்ச்சி போதாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்: கேஸ் நிரப்பிப் பயன்படுத்தும் சுருட்டு லைட்டர்களைத் தேர்ந்தெடுப்பது, நிரப்புவது, பேணுவது.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். உன் மாமா தன் சீர்த் தட்டுகளோடு தனியாக ஒரு தட்டில் தன் பித்தளை லைட்டரையும் வைத்து, மேடையில் எல்லார் முன்னாலும் உனக்குக் கொடுக்கப் போகிறார். இருபத்து மூன்று வருடமாக அவர் சட்டைப் பையை விட்டு இறங்காத பொருள். நீ சுருட்டுப் பிடிப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே, நான்தான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்றும் யோசிக்காதே, உன் சட்டைகளை நீ வருடத்துக்கு இரண்டு முறை என்னிடம் துவைக்கத் தருகிறாய். பிடிக்காதே என்று நான் எழுதப்போவதில்லை. அதை அட்டைப் பெட்டி மேலேயே படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தப் படம் செய்யாததை என் கையெழுத்து செய்துவிடாது.

முதலில் தேர்வு. பெட்ரோலும் திரியும் போட்ட லைட்டரைச் சுருட்டுக்கு வாங்காதே. முதல் நாலு இழுப்பிலும் பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி இருக்கும். கேஸ் லைட்டரில் இரண்டு சாதி உண்டு. மெல்லிய மஞ்சள் சுடர் தருவது ஒன்று, சீறிக்கொண்டு நீலச் சுடர் தருவது இன்னொன்று. வீட்டுக்குள் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு மஞ்சள் போதும். கடலூர்க் கடற்கரையில் சாயங்காலம் அடிக்கிற காற்றில் மஞ்சள் சுடர் உன் பெயரைக்கூடக் கேட்காமல் அணைந்துவிடும். அங்கே நீலம்தான் வேண்டும். கையில் வாங்கினால் கனக்க வேண்டும். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரு சின்ன ஜன்னல் இருக்க வேண்டும். சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகு விரலுக்கு எட்ட வேண்டும். கடைக்காரர் பளபளக்கிற முகத்தைத்தான் உனக்குக் காட்டுவார். நீ கவிழ்த்துப் பார். கேஸ் ஏறும் வால்வு அடியில்தான் இருக்கிறது. லைட்டரின் யோக்கியதை முழுக்க அங்கேதான்.

அடுத்தது கேஸ். மலிவான டின்னை வாங்கி லைட்டரைக் கொல்லாதே. சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சம் பீய்ச்சி, அது ஆவியாகும் வரை பார். நல்ல கேஸ் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். மட்டமானது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அந்தப் பிசுக்குதான் நாளடைவில் சுடர் வருகிற ஊசித் துளையை அடைக்கும். வீட்டுக்கு வந்து போகிறவர்களையும் இப்படிச் சோதிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

நிரப்பும் முறையைக் கவனமாகப் படி. ஜன்னல் திறந்த இடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. சுடர்த் திருகைக் கடைசி வரை குறைத்து வை. பிறகு லைட்டரைக் கவிழ்த்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் வால்வை அழுத்திப் பிடி. உஸ்ஸென்று சத்தம் வரும். மிச்சக் கேஸோடு உள்ளே புகுந்த காற்றும் வெளியேறும் சத்தம் அது. சத்தம் முற்றிலும் நிற்கும் வரை விடாதே. இதைச் செய்யாமல் நிரப்பினால் உள்ளே காற்று உட்கார்ந்துகொண்டு கேஸுக்கு இடம் தராது. அதன்பின் டின்னைத் தலைகீழாக, சாயாமல், நேராக வால்வில் வைத்து மூன்று நாலு முறை விட்டு விட்டு அழுத்து. முடிந்ததும் உடனே தட்டிப் பார்க்காதே. அதன் வயிறு ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு தட்டு. மாதம் ஒருமுறை சுடர்த் துளையில் காற்றடித்துத் தூசியை விரட்டு. சித்திரை வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதே. விமானத்தில் கொண்டு போகாதே, பிடுங்கிக்கொள்வார்கள். சுருட்டைச் சுடருக்குள் நுழைக்காமல், சற்று மேலே பிடித்துச் சுழற்றிச் சுழற்றிப் பற்றவை.

இதுவரை மூன்று பக்கம் ஆகிவிட்டது. உன் மாமா எதையும் இரண்டு பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. உன் கல்யாணப் பத்திரிகையையே தன் பெயர் வருகிற இடம் வரைதான் படித்தார். மணப்பெண்ணின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையை நான்தான் திருத்தினேன். ஆகவே இனி எழுதுவது உனக்கு மட்டும். ஒருவேளை இந்த முறை அவர் விடாமல் படித்திருந்தால்: அண்ணே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சங்கதி இனிமேல்தான். லைட்டர் என்னிடம் இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில்தான் கைக்கு வரும்.

முருகவேல், அந்த லைட்டர் உன் அப்பாவுடையது.

உனக்கு அப்போது ஆறு வயது. கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர், விடுமுறைக்கு வந்த மூன்றாம் வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் சிதம்பரம் கீழ வீதிப் பெண், அவர் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. எங்கள் கல்யாணத்துக்கு உன் மாமா வரவில்லை. நாங்கள் சேர்ந்து வாழ்ந்த எட்டு வருடத்தில் உன் அப்பாவை அவர் ஒருமுறைகூட மச்சான் என்று கூப்பிட்டதில்லை. பேச நேர்ந்தால் "படகுக்காரன்" என்பார். கப்பலுக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் முதல் முறையாக எங்கள் வீட்டு வாசப்படி ஏறினார். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக்காரர் கோடிப் புடவை கொண்டுவந்து போட வேண்டும் அல்லவா, அதற்காக. புடவையை என் தோளில் போட்டார். திரும்பினார். அலமாரியில் உன் அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் வைத்திருந்த லைட்டரை எடுத்துத் தட்டினார். பற்றியது. "மச்சான் ஞாபகமா எங்கிட்ட இருக்கட்டும்மா" என்று பையில் போட்டுக்கொண்டார்.

மச்சான் என்ற சொல் அவர் வாயில் முதல் தடவையாக வந்தது, உன் அப்பாவின் பொருளை எடுப்பதற்காக. கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தோளில் கோடிப் புடவை விழுந்தவள் அன்றைக்குப் பேசக் கூடாது. பக்கத்தில் இருந்த உன் அத்தை மட்டும் என் காதில், "உங்கண்ணன் புடவை குடுக்க வந்தாரா, சாமான் எடுக்க வந்தாரா அண்ணி?" என்றாள். அதற்கான பதிலைத்தான் இருபத்து மூன்று வருடம் கழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். லைட்டர் இருக்கிறதே என்பதற்காகச் சுருட்டுப் பழக்கத்தை ஆரம்பித்திருந்தார். முதுநகரில் யாரோ கண்ட கேஸையும் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். "காலேஜு லேப்புலதானே இருக்கே, இது என்னான்னு பாரும்மா. பத்தவே மாட்டுது" என்று என் மேசை மேல் வைத்தார். ஆய்வகத்தில் பர்னரும் வால்வும் துடைப்பதுதான் என் உத்தியோகம். உன் அப்பா லீவில் வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இந்த லைட்டரைக் கழற்றிப் பூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளும் நான்தான். மேலே எழுதிய முறை முழுக்க அவர் சொல்லிக் கொடுத்தது. வாங்கிக் கவிழ்த்தேன். அடியில் வால்வைச் சுற்றி ஊசியால் கீறிய எழுத்துகள் இருந்தன. அதுவரை நான் பார்த்ததில்லை, கழற்றிப் பூட்டும்போது அடிப்பக்கம் அவர் உள்ளங்கைக்குள் இருக்கும், நிரப்பும்போது வால்வைச் சுற்றி அவர் விரல்கள் இருக்கும். நீ பிறந்த தகவல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில்தான் அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு வாங்கிய லைட்டர் அது. என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போதே காட்டியிருக்கலாமே என்பாய். இது என் முதல் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். காட்டியிருந்தால் உன் மாமா அப்போதே திருப்பித் தந்திருப்பார். அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நாற்பது பேர் பார்க்க எடுத்ததை என் வீட்டு மேசையில், ஒரு டம்ளர் காபிக்கு நடுவில், "அய்யய்யோ தெரியாமப் போச்சும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். நான் அதற்கு இணங்கவில்லை. லைட்டரைத் துடைத்து, நிரப்பி, பற்றவைத்துக் காட்டி, அவரிடமே கொடுத்தேன்.

நிரப்பியதில் ஒரு சின்ன வேலை செய்தேன். வால்வை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று எழுதினேன் இல்லையா? அதை மட்டும் செய்யவில்லை. அப்படி நிரப்பினால் கொடுக்கிற இடத்தில் அழகாகப் பற்றும். இரண்டு மூன்று நாளில் மூச்சு வாங்கும். அடுத்த வாரம் தட்டத் தட்டச் சத்தம் மட்டும் வரும். அவர் மாதா மாதம் வந்தார். நான் மாதா மாதம் நிரப்பினேன். வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை, தங்கச்சி கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் மாமா மகளின் நிச்சயதார்த்தம் உனக்கு நினைவிருக்காது, நீ சோடா குடிப்பதில் மும்முரமாக இருந்தாய். மாப்பிள்ளையின் அப்பா பெண்ணாடம் பக்கம் பெரிய கரும்பு விவசாயி, அதிகம் பேசாதவர். சாப்பாடு முடிந்ததும் உன் மாமா அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் ஒரு சுருட்டை நீட்டினார். பிறகு லைட்டரை எடுத்தார். "சிங்கப்பூர் சாமான் சம்பந்தி. நானே போயி வாங்கியாந்தது. ஒரே தட்டுதான்." மச்சான் ஞாபகம் அதற்குள் இப்படி மாறியிருந்தது. தட்டினார். மறுபடி தட்டினார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். பதினேழு தட்டு.

"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார் உன் மாமா.

"காத்தா? வேர்த்து ஊத்துது மச்சான்" என்றார் உன் மாமாவின் மைத்துனர். "சிங்கப்பூர்ல போயி தட்டுனாத்தான் பத்துமோ என்னமோ."

சிரிப்பு அடங்கும் வரை சம்பந்தி காத்திருந்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, தன் சுருட்டையும் பற்றவைத்து, உன் மாமாவுடையதையும் பற்றவைத்தார். "இதுக்குப் பாஸ்போர்ட்டு இல்ல சம்பந்தி. அதான் ஒழுங்கா வேலை செய்யுது."

அன்று சாயங்காலம் உன் மாமா என்னிடம் வந்து, "ஏம்மா, உன் வீட்டுல நல்லாப் பத்துது, சபையில மட்டும் மானத்த வாங்குதே, ஏன்?" என்றார். "அதுக்குச் சபைக் கூச்சம்ணே" என்றேன். அன்றைக்கு நான் தூங்கிய மாதிரி உன் அப்பா போன பிறகு தூங்கியதே இல்லை.

இரண்டாவது தப்பைச் சொல்ல வேண்டும். இது பெரியது. புயல் அடித்த வருடம் நீ அரையாண்டுத் தேர்வு முடிந்து மஞ்சக்குப்பத்தில் உன் மாமா வீட்டில் இருந்தாய். மூன்று நாள் மின்சாரம் இல்லை, தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், வீட்டிலிருந்த தீப்பெட்டிகள் எல்லாம் நமத்துப் போயிருந்தன. உனக்குக் காய்ச்சல். அடுப்பில் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தது, பற்றவைக்கத்தான் எதுவும் இல்லை. லைட்டர் இருக்கிறது என்று உன் மாமா தைரியமாக இருந்தார். அதை நிரப்பியது நான். பிறகு நீ சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "மாமா காலைலேருந்து அதைத் தட்டிட்டே இருந்தாரும்மா. கடைசில வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு, நாலு தெரு தண்ணில நடந்து போயி, ஃபிளாஸ்க்குல பால் வாங்கியாந்தாரு." அவர் நடந்த தண்ணீரில் மின்கம்பி அறுந்து கிடந்தது என்று மறுநாள் சொன்னார்கள். நான் வைத்த பொறி அவரைத் தாண்டி உன்மேல் விழுந்தது. அவரையே கொன்றிருக்கவும் கூடும். நீ சிரித்தாய், நான் சமையலறைக்குள் போய் நின்றேன்.

அதன்பின் ஒரு வருடம் நேர்மையாக நிரப்பினேன். மாமாவின் லைட்டர் ஊரே மெச்சும்படி வேலை செய்தது. ஒருவேளை அப்படியே விட்டும் இருப்பேன். ஆனித் திருமஞ்சனத் தேரன்று நம் வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர், "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் என்ன செஞ்சிட்டு இருந்தாரு?" என்று கேட்டார். உன் மாமா சுருட்டுச் சாம்பலைத் தட்டிக்கொண்டே, "கப்பல்ல எண்ணெ தொடச்சிட்டு இருந்தாரு, பாவம்" என்றார். உன் அப்பாவின் லைட்டரால் பற்றவைத்த சுருட்டு, உன் அப்பாவின் வீட்டுத் தரை, அதில் விழுந்த சாம்பல். அடுத்த மாதத்திலிருந்து பழைய முறைக்குத் திரும்பினேன். மழைக் காலத்தில் மட்டும் சரியாக நிரப்பிக் கொடுத்தேன். பழிக்கும் ஒரு பொறுப்பு வேண்டும் இல்லையா?

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வாரம் உன் மாமனார் மங்கலம்பேட்டையிலிருந்து போன் செய்தார். "உங்க குடும்பத்துல மூணு தலைமுறையா இருக்கிற லைட்டராமே சம்பந்தியம்மா? உங்க அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்கார தொர பரிசாக் குடுத்ததாமே? அண்ணன் சொன்னாரு. அதை நம்ம மாப்ளைக்குத் தராங்கன்னா பெரிய மனசுதாங்க." என் அப்பா கோயில் வாசலில் விபூதி, குங்குமம் விற்றவர். பொடி போடுவார். நெருப்போடு அவருக்கு இருந்த உறவு கற்பூரத்தோடு சரி. மச்சானின் ஞாபகம் முதலில் சிங்கப்பூர்ச் சாமான் ஆனது, இப்போது துரை கொடுத்த பரிசு ஆகிவிட்டது. இதில் உன் அப்பா எங்கேயும் இல்லை. உன் அப்பா உனக்கென்று வாங்கியதை, உன் அப்பாவையே துடைத்து எடுத்துவிட்டு, உன் மாமாவின் தாராள குணமாக நீ மேடையில் கைநீட்டி வாங்கப் போகிறாய்.

மறுநாளே லைட்டரோடு வந்தார். "இந்தத் தடவ மட்டும் சொதப்பக் கூடாதும்மா. மைக்குல ரெண்டு வார்த்த பேசிட்டு மாப்ள கையில குடுப்பேன். அவன் தட்டணும், பத்தணும், ஃபோட்டோகாரன் புடிக்கணும். மொதத் தட்டுலயே பத்தணும்."

"பத்தும்ணே" என்றேன்.

பற்றும். முருகவேல், இந்த முறை நான் எதையும் விட்டுவைக்கவில்லை. ரப்பர் வளையத்தை மாற்றினேன். துளையைச் சுத்தம் செய்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காற்று முழுவதையும் வெளியேற்றி, நல்ல கேஸ் ஏற்றுவேன். அது பற்றாமல் போனால் உன் மாமாவுக்குத்தான் அவமானம் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பற்றினால்தான் பெரிய அவமானம் என்று இப்போது தெரிகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பொய் சொல்ல வேண்டாம், சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். மாமா பேசி முடித்து லைட்டரைக் கொடுத்ததும் மைக் உன் கைக்கு வரும். உடனே தட்டாதே. லைட்டர் வாங்குகிற எவனும் முதலில் செய்ய வேண்டியது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதைச் செய். கவிழ்த்துப் பார். தன் கையால் ஒருமுறையாவது நிரப்பியவன்தான் லைட்டரின் அடியைப் பார்ப்பான். உன் மாமா இருபத்து மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நிரப்பவில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை மைக்கில் படி. இரண்டே சொல். "முருகவேலுக்கு. அப்பா." அவ்வளவுதான். படித்துவிட்டுத் தட்டு.

அப்பா போன பிறகு உன்னைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர், உனக்காகத் தண்ணீரில் நடந்தவர் என்பாய். உண்மைதான். நான் மறக்கவில்லை, மறந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதற்காகத் தட்டி முடித்தவுடன் மேடையிலேயே அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள். மனதார விழு. உனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் வேண்டாம், அது என்னுடைய பொருள், உனக்குச் சீராகத் தரமாட்டேன். செய்ய மனமில்லை என்றால் செய்யாதே, தட்டி மட்டும் காட்டு. நான் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் உன் அப்பாவின் கையெழுத்து உனக்கு உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. கையில் வாங்கியும் அதைப் படிக்காமல் உன்னால் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தாலி கட்டும்போது நான் மேடையில் நிற்க வேண்டாம் என்று உன் மாமா சொல்லியிருக்கிறார். சம்பிரதாயமாம். "நீ முன் வரிசைல நடு நாற்காலில ஒக்காந்துக்கம்மா, எல்லாம் நல்லாத் தெரியும்" என்றார். சரி அண்ணே என்றேன். ஆகவே நீ படிக்கும்போது எழுத்தை மட்டும் பார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா